பத்து வயர்கள்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில்
அடுத்தவர் நெஞ்சில் வயர் ஒட்டுவது என் வேலை.
நெஞ்சுக்கு ஆறு, கைகாலுக்கு நாலு.
அசையாமல் படுங்கோ, மூச்சை இயல்பாய் விடுங்கோ:
ஒரு நாளைக்கு முப்பது தரம் ஆங்கிலத்தில் சொல்வேன்.
எல்லாரும் விட்டார்கள்.

ஜூலையில் ஒருநாள் லிஃப்டுக்குள்
எனக்கு அது முடியவில்லை.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
கை விறைத்துக் காது அடைத்து
இதோ சாகிறேன் என்று முழுசாக நம்பி,
கதவு திறந்ததும்
குட் மோர்னிங் சொன்னேன்.

அன்று பின்னேரம் அறையைப் பூட்டி
எனக்கு நானே ஒட்டிக்கொண்டேன்.
தாள் வந்தது.
இப்படியொரு அழகான கோட்டை
அந்தக் கிழமை முழுக்க நான் கண்டதில்லை.
பெயர் போடாமல் கிழித்தேன்.

கால் முறிந்திருந்தால்
மாவுக்கட்டில் எல்லாரும் கையெழுத்து வைத்திருப்பார்கள்.

அதன்பிறகு படிக்கட்டு.
"மெலியப் பார்க்கிறியா?" என்றாள் மாரிசெல்.
ஓம் என்றேன்.
அதற்காக மூன்று பிறந்தநாள் கேக்கை
வேண்டாமென்று தள்ளவேண்டி வந்தது.

டூங்காபியில் துஷாந்தி வீட்டு விருந்தில்
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
நிலத்தில் குந்தியிருந்தேன்.
தட்டினார்கள். வயிற்றுக்குத்து என்றேன்.
மறுநாள் ஊறுகாய்ப் போத்தல் நிறைய
உள்ளி ரசம் வந்தது, இன்னும் சூடாக.
இல்லாத வயிற்றுக்குத்தை
எவ்வளவு பட்சமாய்ப் பார்க்கிறார்கள்.

உள்ளதைச் சொன்னால்
கோமளா சனி மாற்றம் என்பாள்.
நிரஞ்சனி, உனக்கென்னடி குறை, வீடிருக்கு,
பெடியன் படிக்கிறான் என்பாள்.
ஷெல்லடிக்குள்ளேயே வராத பயம்
லிஃப்டுக்குள்ளே வருமோ என்று
ஒருவராவது கேட்பார்கள்.
நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டொக்டர் சொன்ன பெயர் ஆங்கிலத்தில் இருந்தது.
எங்கள் பக்கத்திலும் சொல் இருக்கிறது: பதகளிப்பு.
ஆனால் அது
ஆட்கள் வாசலில் நிற்க, சோறு வேகாததற்கு;
பஸ் வெளிக்கிட, செருப்பு அறுந்ததற்கு.
"ஏன் இந்தப் பதகளிப்பு?" என்று யாரும் கேட்டாலே
அடங்கிவிடுகிற சின்னச் சொல்.
அதற்குள் இதை எப்படி மடித்து வைப்பது?

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு அறை.
மைக்ரோவேவில் மாரிசெலின் மீன் சுற்றியது.
ஒரு நிமிடம் நாற்பது செக்கன் மிச்சம்.
அதற்குள் சொல்லி முடித்தேன்.
மூன்று தரம் கத்தியது. அவள் திறக்கவில்லை.
பிறகு திறந்தாள்.
"பாதி உனக்கு" என்றாள்.

வேலை முடிய என்னோடு படியில் இறங்கினாள்,
ஒவ்வொரு திருப்பத்திலும்
தன் முழங்காலைத் திட்டிக்கொண்டு.
இனி வரமாட்டேன் என்றாள்.
மறுநாளும் வந்தாள்.

வியாழன், இரண்டு பேர்
என்னைக் கண்டு குரலைத் தாழ்த்தினார்கள்.
ரக்பி பற்றியும் இருக்கலாம்.
மாரிசெல் யாருக்கும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
அந்த நினைக்கிறேனுக்கு
நாலு இரவு நித்திரை போனது.

இன்று ஞாயிறு. போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.
துஷாந்திக்கு எழுதுகிறேன்:
அன்றைக்கு வயிற்றுக்குத்து இல்லை.
அழித்தேன்.
அன்றைக்கு உன் குளியலறையில்.
அழித்தேன்.
துஷா, நான்.

அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது,
நான் எழுதுவதும் நிற்பதும்.
"என்னடி, எழுதி எழுதி அழிக்கிறாய்?
ரசத்துக்கு உப்புக் காணாதோ?"

உப்புச் சரி, ஆனால்
என்று எழுதி
புள்ளி வைக்காமல் அனுப்பினேன்