இலக்கம் ஏழு

ஒப்பமிடும் தாளை நான்தான் வாசித்தேன்:
இரத்தப்பெருக்கு, கிருமித்தொற்று, வலிப்பு, வலது கை, பேச்சு.
தவமலர், வட்டுவாகல்,
ஒன்றைத்தான் கேட்டா:
"எல்லாப் பேச்சுமோ? இல்லாட்டி கொஞ்சமோ?"

வவுனியாவில் காலை ஏழரை.
முழு மயக்கம் குடுக்கேலாது,
மூன்று செல்துண்டும் குந்தியிருப்பது
சொற்களின் ஓரத்தில்.
தலைத்தோலைச் சுற்றி விறைப்பூசி,
ஓடு திறக்கும்வரை சின்ன நித்திரை,
பிறகு எழுப்பவேணும்.
எலும்பு மாவைத் தாதி நீர்விட்டுக் கழுவினா.
அறுத்தெடுத்த வட்டம்
கிண்ணத்துக்குள், ஈரத்துணியில்.

"அக்கா, முழிப்போ?"
"முழிப்புத்தான் தம்பி. குளிருது."

படங்களைக் காட்டினேன்.
குடை என்றா. பசு. திறப்பு. பனங்காய்.
திரைக்கு அங்கால்
மில்லிமீட்டர் மில்லிமீட்டராய் மின்முனை ஊர்ந்தது.
அடுத்த படம் பாலம்.

பேசேல்ல.

"நிண்டிட்டுதா?" என்றார் சேர்.
மின்னை நிறுத்தினார். காத்திருந்தம்.
திரும்பவும் பாலம்.
உதடு மெல்ல அசைந்தது.
"தெரியும்," என்றா. "சொல்லேலாது."

அந்த இடத்தில் சேர்
ஏழு என்று ஒரு வெள்ளைத் துணுக்கை வைத்தார்:
தொடக்கூடாது.
மின் அப்போது ஓடவில்லை.
நான் சொல்லேல்ல.

இரண்டு துண்டு தட்டில் விழுந்து ஒலித்தது.
மூன்றாவது
ஏழுக்குக் கீழே.