பச்சைச் சட்டை

தோணிக்குக் காற்று வாய்க்காமல்
மண்டபத்து மணலில் பதினோரு நாள் கிடந்தது
இலங்கைக்குப் போகிற பட்டாளம்.
சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே
இருபது பேர் மட்டும் பச்சை.
இங்கிலீசும் இல்லை அவர்கள் பேச்சு.
ஜெர்மன்காரர்கள்,
மரத்துக்குப் பின்னால் ஒளிந்து சுடுகிறவர்கள் என்றான்
துபாஷி வேங்கடராயன்.

மரத்துக்கு எங்கே போவது?
வெள்ளை மணலில் அந்தப் பச்சை
அரை நாழிகை வழிக்குத் தெரிந்தது.

ஊல்ரிக் என்பவன்
என்னிடம் ஊற்றுத்தண்ணீர் வாங்குவான்.
காசு தீர்ந்த அன்று
சட்டைப் பித்தானை அறுத்து நீட்டினான்,
கொம்பில் கடைந்தது.
பனையைக் காட்டித் தலையசைத்தான்:
இது மரமில்லை.
எனக்குக் கோபம் வந்தது.
பனையோலைப் பட்டையில்தான்
குடித்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் நாள் கச்சான் எழுந்தது.
எண்ணிக்கையில் ஒருவன் குறைந்தான்.
"காட்டுக்குள் ஓடினானா?"
"எங்கள் சீமையில் காடு ஏதய்யா" என்றேன்,
இடுப்புக் குடத்தை இறக்காமல்.

என் முதுகுக்குப் பின்னே
உடைமுள் புதருக்குள்
பித்தான் குறைந்த ஒரு பச்சை
மூச்சை அடக்கிக் குந்தியிருந்தது,
எவரையும் குறிபார்க்காமல்.