நல்லதண்ணித் தீவுக்கு இந்தப் பக்கம்

தூத்துக்குடியை விட்டபோது கடல்
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.
மூக்கையூருக்கு நேரே வருகையில்
கச்சான் எழுந்தது.

பின்னாலிருந்து வருவது நல்ல காற்று என்று
மூன்று வருடமாய்ச் சொல்கிறார் இன்னாசி.
தள்ளிவிடுமாம். டீசல் மிச்சமாம்.
தள்ளியது,
பேருந்துப் படியில் நிற்பவளைத்
தள்ளுவதுபோல.

எங்கள் படகுக்கு இரண்டு வயிறு.
இடதில் அடுப்பு, அரிசி டிரம்,
பிள்ளைகள், அவர்களின் கணக்கு நோட்டுகள்.
வலதில் நாங்கள், பேட்டரிகள், சண்டைகள்.
நடுவே முன்பக்கம் ஒரு வலை.
அதன் கீழே எந்நேரமும் ஓடும் பச்சை
இன்று பச்சையாக இல்லை.

ஒவ்வொரு அலையும் பின்பக்கத்தைத் தூக்க
முன்னால் இரண்டு மூக்கும் தண்ணீரில் செருகப் பார்க்கும்.
செருகினால் குட்டிக்கரணம்.
அதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில்
இரண்டு வெள்ளரிக்காயை வைத்து அவர் காட்டியிருக்கிறார்.
வெள்ளரிக்காய்தான் நினைவுக்கு வந்தது,
ஜெபம் வரவில்லை.

"சுக்கானப் பிடி விமலி. குறுக்க விட்டுறாத."
அவர் ஊர்ந்து போய்ப் பாயைச் சுருக்கினார்.
ஊர்ந்து வந்து
பழைய நங்கூரக் கயிற்றைப் பெரிய வளையமாய்ப்
பின்னால் கடலில் விட்டார்.
மிரண்ட மாட்டின் வாலைப் பிடித்துத் தொங்கியபடி
ஓடிக்கொண்டிருந்தோம்.

ஜெரோமி வேகத்தைப் படித்துச் சொல்கிறாள்:
ஒன்பது. பதினொண்ணு.
பதிமூணரை அப்பா!
அவள் குரலில் பயமே இல்லை,
அதுதான் எனக்குப் பயம்.
டைட்டஸ் நீல வாளியில் வாந்தி எடுக்கிறான்.
எடுத்து முடித்து ஒவ்வொரு முறையும்
"சாரிம்மா."

நான் கமுதிக்காரி.
லாரி வராத நாளில்
பாத்திரம் கழுவிய தண்ணீரில் கால் கழுவியவள்.
இத்தனை தண்ணீரை
யாரும் என்னிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை.
மண்டபம் போய்ச் சேர்ந்ததும் இவரிடம் சொல்ல
வைகாசியிலிருந்து நாலு வார்த்தை வைத்திருக்கிறேன்.
சுக்கானோடு சேர்த்து அதையும்
இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வலப்பக்கம் உப்புத்தண்ணித் தீவு
மங்கிப் போனது.
அங்கேதான் தளத்து மூடி ஒன்று பிய்ந்து
குடிநீர்த் தொட்டிக்குள் கடல் இறங்கியிருக்கவேண்டும்.
அப்போது தெரியவில்லை.

நல்லதண்ணித் தீவின் மறைவுக்குள் நுழைந்ததும்
யாரோ சுவிட்சை அணைத்ததுபோல
அலை நின்றது.
நங்கூரம் போட்டோம்.
குவளையில் பிடித்து ஒரு மிடறு குடித்த ஜெரோமி
என் முகத்தையே பார்த்தாள்.
பிறகு துப்பினாள்.

கடலோரக் காவல் படகு வந்து பக்கத்தில் ஒட்டியது.
எந்த ஊர், எத்தனை பேர்,
தீவில் இறங்கக் கூடாது தெரியுமில்ல?
இறங்கல சார், ஒதுங்கியிருக்கோம்.
ஏட்டு பிளாஸ்டிக் உறையிலிருந்து படிவத்தை எடுத்தார்.
நிரந்தர முகவரி
என்ற கோட்டில் பேனா முனையை வைத்து
நிமிர்ந்தார்.

இன்னாசி என்னைப் பார்த்தார்.
நான் மெயின் பாயில் இருந்த கிழிசலைப் பார்த்தேன்.
டைட்டஸ் சொன்னான்:
"இடது பக்கம். மேல் படுக்கை."

அவர் அதை எழுதினாரோ என்னவோ.
போகும்போது அரைக் கேன் தண்ணீரை
எங்கள் தளத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வலையின்மேல் கணக்கு நோட்டுகளைக் காயப்போட்டேன்.
வகுத்தல் எல்லாம் அழிந்திருந்தது,
பெருக்கல் கொஞ்சம் மிச்சம்.
கேனிலிருந்து இரண்டு பங்கு,
தொட்டியிலிருந்து ஒரு பங்கு,
உலை வைத்தேன்.
உப்புப் போடவில்லை.

சாப்பிடும்போது அவர் உள்ளங்கையைக் கவனித்தேன்.
கயிறு உரித்த இடத்தில் சோறு படாமல்
விரல் நுனியால் அள்ளினார்.
மண்டபம் வர இன்னும் ஒரு பகல் இருந்தது.
சொல்லிவிட்டேன்.
நாலு வார்த்தை,
வாய்க்கு வரும்போது ஆறாகியிருந்தது:

மண்டபத்தில் ஒரு வீடு பார்ப்போம்,
மழைக்காலம் வரைக்குமாவது.

அவர் இருட்டில்
பின்கம்பியில் தொங்கிய கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.
"காயட்டும்" என்றார்.