ஆறு இருபத்தெட்டு

யூதப் பிள்ளைகள் என்று ஏஜென்ட் போனில் சொன்னதும்
தாடி, நீள அங்கி, ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டு
வேனைக் கழுவி நிறுத்தினேன்.
ஏறியது இருபது ஜீன்ஸ்.
பேசியது மராத்தி.
ஜன்னல் சீட்டுக்குச் சண்டை,
ஓசூர் பாலம் தாண்டுவதற்குள் ஒருவனுக்கு வாந்தி.

லிஸ்டில் பேர் சரிபார்த்தேன்:
எலைஜா பென்கர்
ஷுலமித் நாகாவ்கர்
அபிகேல் கெஹிம்கர்.
முன்பாதி வேதப் புத்தகம், பின்பாதி
கடலோரத்துக் கிராமமாம்.
என் லைசென்ஸைக் காட்டினேன்.
ரா. திம்மராயன்.
அந்த ரா, ராயக்கோட்டை.

மல்லச்சந்திரம் பாறையில் வெயில் பத்து மணிக்கே பழுத்துவிட்டது.
பலகைக்கல் நாலு நிறுத்தி
மேலே ஒரு கல் போர்த்திய வீடுகள்.
பாண்டவர் வீடு என்போம் நாங்கள்.
உள்ளே யார் கிடந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.
கூட்டிவந்த ஷரோன் அக்கா
அங்கே வைத்துத்தான் சொன்னாள்,
இந்தி கலந்து, எனக்கும் புரிகிற மாதிரி:
கப்பல் உடைந்தது, ஏழு ஜோடி கரையேறியது,
மற்றவர்களை மேட்டில் புதைத்தார்கள்.
அந்தக் குழிகளுக்கும் பேர் கிடையாது.
கரையேறியவர்கள் செக்கு ஓட்டினார்கள்.
சனிக்கிழமை மட்டும் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள்.
ஊர் அவர்களை அழைத்தது,
சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.

எலைஜா ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி
மூடுகல்லின் மேல் வைத்தான்.
"ஏய், விளையாடாதே" என்று கத்திவிட்டேன்.
"வந்துட்டுப் போனேன்னு சொல்றதுக்கு அங்கிள்."
பிறகு இருபது கல்.
இருபத்தொன்றாவதை எடுத்தேன்.
வைக்கவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மதியம் அவலை நனைத்துத்
தேங்காய்ப்பூ, சர்க்கரை, பழம் போட்டுப் பிசைந்தார்கள்.
பேரு மலிதா, எங்கள் சாப்பாடு என்றாள் ஷுலமித்.
எங்கள் சாப்பாடும் அதுதானே என்று
வாயில் வைத்துக்கொண்டே சொன்னேன்.
அவள் நம்பவில்லை.
சந்தூர் செந்தூராவை நறுக்கிச் சேர்த்தேன்.
அதை மட்டும் ஒத்துக்கொண்டாள்.

திரும்பும்போதுதான் அது.
ஹாஸ்டலுக்கு மூன்று கிலோமீட்டர்.
பின்சக்கரம் வெடித்தது. ஸ்டெப்னியில் காற்றில்லை.
நாலு மாசமாகத் தள்ளிப்போட்டது,
வெள்ளிக்கிழமை பார்த்துத் தலைகாட்டியது.

வெள்ளி இருட்டினால் வண்டி ஏறமாட்டார்களாம்.
ஏறலாம், எங்கப்பா ஓட்டுறாரே என்றான் ஒருவன்.
அது உங்கப்பா, என்றாள் அபிகேல்.
ரோட்டோரம் அரைமணி நேரத்துக்குக் குறையாத சண்டை
அஞ்சே நிமிஷத்தில் நடந்தது.
பிறகு பையெல்லாம் சீட்டிலேயே விட்டுவிட்டு
சர்வீஸ் ரோட்டில் நடந்தார்கள், பாதி ஓட்டம்.
மாங்காய் லாரிகள் ஹாரன் அடித்து வழிவிட்டன.

ஜாக்கியை வைத்து நிமிர்ந்தால்
மூன்றாவது சீட்டில்
நியூஸ்பேப்பரில் சுற்றிய இரண்டு மெழுகுவர்த்தி.
ஆறு இருபத்தெட்டுக்குள் ஏற்ற வேண்டியது என்று
காலையிலிருந்து இருபது தடவை கேட்டிருக்கிறேன்.
மணி ஆறு பத்தொன்பது.

ரோஸ் ஏற்றிப்போன ஒரு டெம்போவை
கையைக் காட்டி அல்ல, குறுக்கே நின்று நிறுத்தினேன்.
பூப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து
முள் குத்த
போய் இறங்கினேன்.
ஆறு முப்பத்தொன்று.

வாசலிலேயே நின்றார்கள் எல்லோரும்.
"லேட்டாயிடுச்சும்மா" என்றேன்.
ஷரோன் அக்கா மேற்கே காட்டினாள்.
சூரியன் இன்னும் முழுசாகப் போகவில்லை.
பதினெட்டு நிமிஷம் முன்னாடியே குறித்துவைப்பது வழக்கமாம்.
"எதுக்கு?"
"பஞ்சர் ஆகிறவங்களுக்கு."

இரண்டு சுடரையும் அபிகேல் கைகளால் தன் பக்கம் அள்ளி
கண்ணை மூடிக்கொண்டாள்.
என்ன வேண்டினாளோ.
நான் டயரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வாடகை கேட்கப் போனேன்.
இன்று பணம் தொடமாட்டோம், நாளைக்கு வாங்க என்றார்கள்.
சரி, எனக்கும் சனிக்கிழமை.
வீட்டுக்குப் போய் உச்சியில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு
வெயிலில் உட்கார்ந்தேன்.
சட்டையைத் துவைக்கப் போட்ட என் மனைவி
பாக்கெட்டிலிருந்து கல்லை எடுத்து
இது எதுக்கு என்றாள்.

அப்பாவுக்கு, என்றேன்.