கோ, நோ-கோ

என் கையிலிருக்கும் கேஜுக்கு இரண்டு முனை.
பச்சை வளையம் போட்டது கோ:
துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.
சிவப்பு வளையம் நோ-கோ:
போகவே கூடாது.
போனால் அந்த உருளைக்குச் சிவப்புப் பெயின்ட், மூலைத் தொட்டி.
ஒன்பது வருஷமாக இதற்குத்தான் சம்பளம்.

இரும்பாலைச் சாலையில் எங்கள் பட்டறை.
முன்பு டிராக்டருக்குப் புஷ் கடைந்தோம்.
போன ஐப்பசியிலிருந்து இந்த உருளைகள்.
சலானில் 'உதிரிபாகங்கள்' என்று இருக்கிறது.
எதன் உதிரி என்று வரைபடத்தில் இல்லை.
வேடியப்பன் மட்டும் ஒன்றை
உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"சர்வீஸுக்குத் திரும்பி வராத சாமான் இது."
அந்த மாதம்தான் ஓவர்டைமில்
மகளின் பள்ளிக்கூட பாக்கியைக் கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீன் டிவியில் சபை.
கடலுக்கு அப்பால் எங்கோ ஓர் ஆஸ்பத்திரி இடிந்திருக்கிறது.
விற்பனையை நிறுத்த ஒரு கையெழுத்து போதுமா,
சபை கூடிக் கை தூக்க வேண்டுமா என்று சண்டை.
ஒற்றைப் பேனாவில் நாடு நடக்கக் கூடாது என்று
போன வருஷம் தொண்டை வறண்டவர்
"போட்டுத் தொலையுங்களேன் கையெழுத்தை" என்கிறார்.
அந்தப் பேனாவுக்கு மாலை போட்டவர்கள்
விதிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.
என் தட்டுவடை செட்டில்
சட்னி ஊறி வடை நமுத்துவிட்டது.

சகாயராஜ் ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருகிறவன்,
சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதுகிறவன்.
"இன்னைக்கு நல்லதை நெனச்சு நிறுத்துற பேனா
நாளைக்கு எதை நிறுத்தும்னு யாருக்குத் தெரியும்?" என்றான்.
டிஸ்பாட்ச் ஷகிலா டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்:
"அனுப்பச் சொன்னதும் ஒத்தப் பேனாதானே.
அப்ப எவன் கை தூக்கினான்?"
சகாயராஜ் பதில் சொல்ல வாயெடுத்தான்.
சங்கு ஊதிவிட்டது.

எட்டாம் வகுப்பில் படித்தது: கோ என்றால் அரசன்.
நோ என்றால் வலி.
நோ-கோ என்றால்
வலிக்கும் அரசனா, வலியை ஆள்கிறவனா?
இலக்கணம் தெரிந்தவர் யாரும்
எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் இல்லை.

மூன்று மணிக்கு ஓர் உருளையில்
சிவப்பு முனை மயிரிழை இறங்கியது.
யாரையும் கேட்கவில்லை. எந்தச் சபையும் கூடவில்லை.
பெயின்ட் அடித்துத் தொட்டியில் போட்டேன்.
ணங்.
அதன் இடத்தில் இன்னொன்றை
நாலரைக்குள் கடைந்து கொடுத்துவிட்டார்கள்.

ராத்திரி உத்தரவு வந்தது: மறு உத்தரவு வரும் வரை.
கையெழுத்தா, கோர்ட்டா, வெறும் போனா,
முதலாளிக்கே தெரியவில்லை.
துறைமுகம் கிளம்பிய லாரி
மேட்டுப்பட்டி சுங்கச்சாவடி ஓரம் நிற்கிறது.
சீல் எண்களைச் சரிபார்க்க
விடிந்ததும் ஷகிலாவும் நானும் ஸ்கூட்டியில் போனோம்.

டிரைவர் தீர்த்தகிரி
தார்ப்பாய்க் கயிற்றில் லுங்கியைக் காயப்போட்டிருந்தார்.
லாரி நிழலில் ஸ்டவ், அரிசி, இரண்டு கத்தரிக்காய்.
"நிறுத்தினவங்க நிறுத்திட்டாங்க,
ஹால்டிங் சார்ஜ் யாரு தர்றது?" என்றார்.
ஷகிலா பேப்பரைப் புரட்டினாள். அதில் அந்த வரி இல்லை.

பழக்கத்தில் கேஜைக் கோட்டுப் பையிலேயே கொண்டுவந்திருந்தேன்.
அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஒரு முனை போகணும், ஒரு முனை போகக் கூடாது என்றேன்.
"எதை மொதல்ல விட்டுப் பாப்பீங்க?"

பச்சையை.
ஒன்பது வருஷமாகப் பச்சையைத்தான்.

"அப்படியா" என்று கேஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
உலை பொங்குகிறதா என்று பார்க்கப் போனார்.