மொட்டைக் கடுதாசி

செல்லம்பட்டியில் இறங்கி
பஸ் கிளப்பிய புழுதி அடங்கக் காத்திருந்தால்
எதிரே ஒச்சப்பனின் முக்கால் ஏக்கர் தக்காளி.
பங்குனியில் இடுப்புக்கு வந்திருக்கவேண்டும்.
நடுவே ஒரு நூற்றுச் சொச்சம் செடி
முழங்காலோடு நின்றுவிட்டது.
நுனி இலைகள் வெளிறிச் சுருண்டு
ஒரு கைப்பிடிக்குள் நெருங்கிக் கிடக்கின்றன.
காயெல்லாம் கோலிக்குண்டு.

"என்ன பூச்சி?"
பூச்சி இல்லண்ணே.
"பூஞ்சாணமா?"
இல்ல.
"அப்ப வைரஸுதான்."
அதுவும் இல்ல. அதைவிடச் சின்னது.

மருந்துக்கடைச் சீட்டை எடுத்துப் பார்த்தார்,
மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.
நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.

எப்படிச் சொல்வது?
முந்நூற்று ஐம்பத்தொன்பது எழுத்து, அவ்வளவுதான்.
வளையமாய்க் கோத்தது.
முதலெழுத்து எதுவென்று கேட்கமுடியாது.
உறை கிடையாது.
ஒரு புரதம் செய்யும் குறிப்புகூட அதில் இல்லை.
எதையும் ஆணையிடத் தெரியாத கடிதம்.

"மொட்டைக் கடுதாசி" என்றார்.

சொசைட்டியில் எடைபோடும் வேலை
அவருக்குப் போனது அப்படித்தானாம்.
எழுதினது யாரென்று இன்றுவரை தெரியாது.
"எழுதுனவன் என்னத்தச் செஞ்சான்?
வெளிய தள்ளுனது ஆபீஸுதானே."

அந்த ஒரு வரியை
ஐஸ்பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு
ஒத்தக்கடை வரை வந்தேன்.

செடிக்கும் ஓர் ஆபீஸ் உண்டு.
அந்நிய எழுத்து இரட்டையாய் மடிந்து கிடந்தால்
கண்டதும் நறுக்கும்,
இருபத்தொன்று இருபத்தொன்றாக.
நறுக்கின துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு
இதுபோல எழுதியது எதுவானாலும் கிழி என்று
செல் செல்லாகத் தேடும்.
தேடட்டும், அது அதன் காவல்.
ஆனால் செடி தனக்கே எழுதிக்கொண்ட
ஒரு குறிப்பின் நடுவில்
அதே இருபத்தொன்று இருந்துவிட்டால்?

கிழிகிறது.
'நீள்' என்று தண்டுக்குப் போகும் சொல் தேய்கிறது.
மரபணு பத்திரமாய் இருக்கிறது,
ஓர் எழுத்தும் மாறவில்லை.
அது பேசுவதுதான் போய்ச்சேரவில்லை.
வேறு சில மரபணுக்களோ
ஆளில்லா ஏடிஎம்மில் அலாரம் மாதிரி
விடிய விடிய அலறுகின்றன.

வெளியே நாற்பது டிகிரி.
யானைமலை வெயிலில் முதுகு காட்டிப் படுத்திருக்கிறது.
இந்தச் சூட்டில்தான் அது இன்னும் பெருகும்.
கரண்ட் போய் ஜெனரேட்டர் இருமும் இடைவெளியில்
இருட்டில் நின்றேன்.
வெளிச்சம் வந்தபோது
ஜெல்லில் பட்டைகள் வரிசையாய் மினுங்கின.
எண்களை வயல் வரைபடத்தில் குறித்தேன்.

ஒன்பதாம் வரிசை. பிறகு பத்து.
பத்தின் கோடியில் திரும்பி, பதினொன்று.

இந்த நடையை எனக்குத் தெரியும்.

தை மாதம் ஒரே ஒரு செடி சுருண்டிருந்தது.
விதையோடு வந்திருக்கலாம்.
அதில் ஒரு நுனி வெட்டினேன்,
ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துச் செடியில் ஒன்று,
அதற்கடுத்ததில் ஒன்று,
வேகமாக, மூன்றரை பஸ்ஸுக்காக.
அதே கத்தரிக்கோல்.
பிளீச்சிங் கரைசல் பாட்டில்
ஐஸ்பெட்டிக்கு அடியில்
மூடி திறக்காமல் இருந்தது.
பத்தின் கோடியில்
செருப்பு வார் அறுந்து, அங்கேதான் திரும்பினேன்.

இரண்டு தடவை அலைபேசியை எடுத்தேன்.
அவர் இந்நேரம் மாட்டுத்தாவணியில்
தேறின பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.
பெட்டி நூற்றைம்பதுக்குக் கேட்பார்கள்.

அறிக்கைப் படிவத்தில் ஏழாவது கட்டம்:
பரவிய வழி.
'வெட்டும் கருவி' என்று எழுதி
முற்றுப்புள்ளி வைத்தாயிற்று.
யாரும் கேட்கப்போவதில்லை.
எழுதினது யாரென்று தெரியாமலே
அந்த வயல் அடுத்த போகத்துக்குப் போய்விடும்.

புள்ளியைக் காற்புள்ளியாக்கி
பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.

அங்கயற்கண்ணி.
எட்டே எழுத்து.
அரைமணி நேரம் ஆனது.