உப்பில்லாப் பேரரசு

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான்,
காட்பாடி சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே இருபத்தாறு வருஷம்.
நான்கெல்லை சொல்லாமல் எதையும் ஆரம்பிக்க வராது.
எனவே:

வேலூர் டவுன், ஆற்காடு ரோடு, மூன்றாம் மாடி.
கிழக்கே எடை மெஷின்.
மேற்கே கோட்டை தெரியாத ஜன்னல்.
வடக்கே சிஸ்டர் ஜெசிந்தாவின் மேசை.
தெற்கே கைகழுவும் குழாய்,
அதன் சத்தம் மட்டும் எங்களுக்குப் பாத்தியம்.
இதற்குள் பதினோரு நாற்காலி, பதினோரு டயாலிசிஸ் மெஷின்.
வில்லங்கம் ஏதும் இல்லை.

நாட்டைக் கண்டுபிடித்தவர் அத்தீக் பாய்.
ஏழாம் நாற்காலி. மேல்விஷாரத்தில் தோல் தரம் பிரிப்பவர்.
ஒரு சித்திரை வியாழன், விடியற்காலை ஷிப்டில்,
ரத்தம் வெளியே போய்ச் சுற்றித் திரும்பும் நேரத்தில் சொன்னார்:
"ஆறு இருக்கு தண்ணி இல்ல,
கோட்டை இருக்கு ராஜா இல்லன்னு
நம்ம ஊரைக் கேலி பண்றானுங்க.
காலியாத்தானே கெடக்கு, நாம ஆளலாம் வாங்க."

சட்டம் எழுதும் வேலை எனக்கு.

வாரத்துக்கு மூன்றே நாள்: செவ்வாய், வியாழன், சனி.
மற்றதெல்லாம் சந்து.

வரி தண்ணீரில் மட்டும்.
வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
வித்தியாசம் கஜானாவுக்கு.
நாலு கிலோ கட்டுகிறவன் பெருந்தனக்காரன்,
அவனுக்கு இங்கே மரியாதை கிடையாது.
"என்னய்யா, கல்யாண வீட்டுல ரசம் குடிச்சியா?"

நாணயம் ஐஸ்கட்டி.
கடன் கொடுத்தால் கைமாறுவதற்குள் பாதி கரைந்துவிடும்,
வட்டி என்ற சொல்லே எங்கள் பாஷையில் இல்லை.

கைகூப்புவதில்லை, சலாம் இல்லை.
ஒருவர் இடது முன்கையை மற்றவர் தொட்டுப் பார்ப்பது வழக்கம்.
தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடத்தில்
ஒரு வண்டு ஓயாமல் உறுமும்.
உறுமினால் சௌக்கியம்.
சத்தியமும் அதன் மேல்தான்.

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது ராஜத்துரோகம்.
குடியாத்தத்து லுங்கித் தறிக்காரி தேவகுஞ்சரி
ஒரு திருத்தம் கொண்டுவந்தாள்:
உப்பிடாதவரை உள்ளளவும் நினை.
அவள் புருஷன் நாலு வருஷமாய் அவளுக்கென்று தனிக்குழம்பு வைத்து
தானும் அதையே தின்கிறான்.
ஏகமனதாக நிறைவேறியது.

குடியுரிமை, நாளொன்றுக்கு எழுநூறு மில்லி.
மாத்திரை விழுங்குவதும் அதற்குள்.

ஆவணியில் பாயின் தங்கை ரெஹானா ஒரு கிட்னி கொடுத்தாள்.
தானசெட்டில்மென்ட்; நான் எழுதியதில்லை அப்படி ஒன்று.
ஏழாம் நாற்காலியில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான்.
கைகூப்பி வணக்கம் சொன்னான்.
யாரும் திருத்தவில்லை.

நாட்டை விட்டுப் போனவர் பற்றி
சட்டத்தில் நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.
ஷரத்து விட்டுப்போன பத்திரம்,
அதுவும் என் கையால்.

தை மாதம் வந்தார். முகத்தில் மாஸ்க்,
அதற்கு மேலே கன்னம் உப்பியிருந்தது.
என்னருகே வந்து இடது கையை நீட்டினார்.
வண்டு அங்கேயேதான் இருந்தது.
வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னால்.

நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தே ஆகணுமாம்.
டாக்டர் உத்தரவு. மணிக்கொரு கணக்கு.
"நேரமாயிடுச்சு, செத்த வெளிய போயி
குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார்,
பீடி பிடிக்கக் கிளம்புகிறவர் மாதிரி
காலைப் பார்த்துக்கொண்டு.

தேவகுஞ்சரி என்னைப் பார்த்தாள்.
பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.
ஒரு கையில் ஊசி, இன்னொன்றில் ரத்த அழுத்தப் பட்டை,
எழுத வழியில்லை. வாயால் சொன்னேன்:
"மேற்படி நபர் இங்கேயே குடிக்கக் கடவர்.
மெதுவாக.
எல்லாருக்கும் கேட்கிற மாதிரி."

ஜெசிந்தா போய்க் குழாயை நிறுத்தினாள்.
மூடி திருகும் சத்தம்.
பிறகு
மடக்,
மடக்.
கடைசி மடக்கை வேண்டுமென்றே நீட்டினார் என்று நினைக்கிறேன்.

கண்ணை மூடியிருந்த புதுப் பையன்
மூடியபடியே கேட்டான்:
"இன்னொரு வாய், அண்ணே."